நாங்களும் நாமும்

அசோக் நகரில் டாஸ்மாக் கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை; சாயங்காலம் ஆட்கள் போகிற திசையே வழி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு வழி கேட்டாக வேண்டும். கேட்கிறவன் அப்போதே தன்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறான். விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதில்லை என்பதும், உறுப்பினர் பெயர் வெளியே வரக்கூடாது என்பதும் அந்த ஸ்தாபனத்தின் மரபுகள். இன்று கைபேசியில் தேடினால் ஒரு எண் கிடைத்துவிடுகிறது. அந்த எண்ணைக் கூப்பிடுவது வேறு விஷயம்.

நான் தேடியது ஒரு நண்பருக்காக. சிறு பத்திரிகைகளில் கவிதை எழுதிவந்தவர். அவர் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். யாரென்று ஊகிக்க வேண்டாம். தொலைபேசியில் பேசியவர், "உங்களுக்கா, வேற யாருக்காவதா?" என்றார். நண்பருக்கு என்றேன். "அவரையே பேசச் சொல்லுங்க சார்" என்று முடித்துக்கொண்டார்.

அதை மரியாதைக் குறைவென்று நினைக்க இடமில்லை. ஸ்தாபனம் பிறந்த விதமே அப்படி. 1935 மே மாதம் அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்து ஓட்டல் ஒன்றின் முன்கூடத்தில், வியாபார முயற்சி தோற்றுப்போய், பில் வில்சன் என்ற நியூயார்க்காரர் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடம்; மறுபக்கம் தொலைபேசியும் மாதாகோவில்களின் பட்டியலும். பாதிரிமார்களைக் கூப்பிட்டு அவர் கேட்டது பேசுவதற்கு இன்னொரு குடிகாரரை. அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10, ஸ்தாபனத்தின் பிறந்தநாளாயிற்று. வில்சன் போனது தான் குடிக்காமலிருப்பதற்காக; ஸ்மித் பிழைத்தது அதனோடு நேர்ந்தது.

நம் ஊரில் குடி பெரும்பாலும் சட்டத்தின் மொழியில் பேசப்பட்டு வந்திருக்கிறது. 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். பிறகு மாகாணம் முழுவதும் வந்தது, 1971இல் போயிற்று, திரும்ப வந்தது, திரும்பப் போயிற்று. 1983இல் டாஸ்மாக் ஏற்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கையில். இத்தனையிலும் குடிப்பவன் படர்க்கைதான்: பாவி, குற்றவாளி, அல்லது வாடிக்கையாளன். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை போன்ற இடங்கள் குடியை நோயாகக் கண்டு சிகிச்சை தந்தபோது, அவன் முன்னிலையானான். டாக்டர் அவனைப் பார்த்து 'நீங்கள்' என்றார். தன்மையில் பேசும் இடம் ஒன்று பாக்கியிருந்தது.

பதினோரு நாள் கழித்து நண்பர் தானே கூப்பிட்டார். நூறடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. காவலாளி எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மீட்டிங்கா சார்? மாடிக்குப் போங்க" என்றார். குடிக்காதவர்களும் உட்காரக்கூடிய திறந்த கூட்டம் என்பதால் எனக்கும் இடம் இருந்தது. குழந்தைகளின் பெஞ்சுகளில் முழங்கால்கள் இடித்தன. ஒவ்வொருவரும் இனிஷியல் இல்லாத ஒரு பெயரைச் சொன்னார்கள். தகப்பன் பெயரும் ஊரும் கழன்று போனபின் ஒரு தமிழனின் பெயர் எவ்வளவு சிறியது!

ஃபிட்டராக வேலை பார்த்த ஒருவர் பேசினார். காலையில் கை நடுக்கத்தில் பல்பொடியைத் தரையில் கொட்டிவிடுவாராம். மனைவி தினமும் அதைக் கூட்டுவாள், ஒன்றும் சொல்லமாட்டாள். இவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, புத்தி சொல்லவில்லை. அடுத்தவர் எழுந்தார்.

அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் முதலாவது, மதுவின் முன் தங்களுக்குச் சக்தியில்லை என்ற ஒப்புதல். ஆங்கிலத்தில் அது 'வீ' என்று ஆரம்பிக்கிறது. ஆங்கிலத்துக்கு 'வீ' ஒன்றுதான். தமிழில் கேட்பவனைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கையில் அந்த ஃபிட்டர் என்னைப் பார்த்து, "நாங்க இப்படித்தான் சார், பழசையே பேசிட்டிருப்போம்" என்றார். பிறகு நண்பர் பக்கம் திரும்பி, "நமக்கு முதல் வாரம்தான் கஷ்டம்" என்றார். இலக்கணம் யோசித்துப் பேசியதல்ல. நண்பர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

நம் இலக்கிய வட்டத்திலும் ஒரு 'நாம்' உண்டு. புத்தக வெளியீடு முடிந்த இரவுகளில் அது கூடும். குடி கவியின் லட்சணம் என்று அதற்கு ஒரு கொள்கையும் உண்டு. முதல் கிளாஸுக்குக் காசு கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குள் அது கலைந்துவிடும். மிச்ச இரவு அவருடைய மனைவியின் பொறுப்பு.

இப்போது நண்பர்கள் என்னிடம் கேட்பது, "எழுதுகிறாரா?" என்றுதான். எழுதவில்லை. ஏழு வாரமாகக் குடிக்கவுமில்லை. கவிதை திரும்ப வராமலே போகலாம். குடியோடு கவிதையும் போயிற்று என்று சொல்ல ஆட்கள் தயாராக இருப்பார்கள். குடித்துக்கொண்டிருந்த கடைசி இரண்டு வருஷத்தில் அவர் எழுதியவை மூன்று கவிதைகள். மூன்றும் மோசம். அவரிடமே இதைச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமைகளில் மூடிய கூட்டம். அதில் எனக்கு இடமில்லை. நம் மாதாந்திரச் சந்திப்பை இனி வியாழனில் வைக்க வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்று அவருக்கு அசோக் நகரில் வேலை இருக்கிறது.