லேசான சளிதானே!

காய்ச்சலோடு நைட் டியூட்டி பார்த்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தலைமுறை எங்களுடையது. இப்போது வார்டுக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு அந்தப் பெருமை இல்லை, நல்லதுதான். ஆனால் "எனக்கு லேசாத்தான் இருக்கு சிஸ்டர்" என்பதை அவர்களும் விடவில்லை.

ஏன் லேசாக இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது முதல் வரிசையில் நின்றவர்கள் மருத்துவமனை ஊழியர்கள். சில மாதங்களில் இரண்டாம் அலை வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தங்கள் ஊழியர்களையே கணக்கெடுத்தார்கள். இரண்டு ஊசி போட்டவர்களிலும் நூற்றுக்குப் பத்துப் பேர் போலத் தொற்றில் விழுந்திருந்தார்கள். போடாதவர்களோடு ஒப்பிட்டால் தொற்று குறைந்தது 65 சதவீதம். ஆக்சிஜன் வைக்கவேண்டிய நிலை குறைந்ததோ 92 சதவீதம்! வைரஸ் உடம்புக்குள் வந்தும் படுக்கையில் தள்ள முடியாமல் போனவர்கள் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் என் கவலை.

ஊசியாலோ முந்தைய நோயாலோ ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப்பொருள் சில மாதங்களில் இறங்கிவிடுகிறது. கிருமியை அடையாளம் வைத்திருக்கும் நினைவு செல்கள் நிலைத்திருக்கும். ஆனால் அவை விழித்து வேலையைத் தொடங்க ஒன்றிரண்டு நாளாவது வேண்டும். திருடன் திண்ணைவரை வந்துவிடுவான், கூடத்துக்குள் நுழையுமுன் பிடிபடுவான். மூக்கும் தொண்டையும் திண்ணை, நுரையீரல் கூடம். அதனால்தான் தொண்டைக் கரகரப்போடு போய்விடுகிறது.

சிலருக்கு அந்தக் கரகரப்புகூட இருக்காது. ஆக்ஸ்போர்டு மருத்துவமனைகளில் 2020-ல் எடுத்த கணக்கில், எதிர்ப்புப்பொருள் இருந்த 1,265 ஊழியர்களில் இருவருக்கே தொற்று. பரிசோதித்தபோது இருவருக்கும் அறிகுறியே இல்லை. எதிர்ப்புப்பொருள் இல்லாத 11,364 பேரில் 223 பேருக்குத் தொற்று. அவர்களிலும் 100 பேர் நலமாக இருக்கிறோம் என்று நினைத்தபடி வழக்கமான பரிசோதனையில் மாட்டியவர்கள். பிறகு ஓமிக்ரான் என்ற உருமாறிய வைரஸ் வந்து, ஒருமுறை நோய் வந்தவர்களையும் விடாமல் பிடித்தது.

ஆக, நமக்கு இருமல் எவ்வளவு என்பது நம் உடம்பின் பழைய அனுபவத்தைத்தான் சொல்கிறது. வார்டுப் படுக்கையில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. கீமோ ஏற்றிக்கொள்பவருக்கும், மாற்றுச் சிறுநீரகத்துக்காக எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் நம் நினைவு செல்களால் ஒரு பயனும் இல்லை. நமக்கு ஒரு கைக்குட்டையோடு முடிவது அவருக்கு வென்டிலேட்டரில் போய் நிற்கலாம்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. லீவு கேட்டால் முகம் சுளிக்கிற, ஒப்பந்த ஊழியருக்குச் சம்பளத்தைப் பிடிக்கிற இடத்தில் எல்லாருக்கும் லேசாகத்தான் இருக்கும். ரோஸ்டர் போடும் சிஸ்டர் தொண்டை வலி என்று கேட்டதுமே மாஸ்க்கைக் கொடுத்து, ஸ்வாப் எடுக்க அனுப்பி, அன்றைக்குக் கீமோ வார்டில் வேறு ஆளைப் போடவேண்டும். அதற்கு நிர்வாகம் கூடுதலாக ஒருவரைக் கையில் வைத்திருக்கவேண்டும். இதைக் கேட்டுக் கேட்டே நாங்கள் ஓய்வுபெற்றோம், நீங்களும் கேளுங்கள்.