ஊவாவில் யானை போகும் வழி

 

பதுளை என்றதும் உங்களுக்குத் தேயிலையும் துன்ஹிந்தை அருவியும் நினைவுக்கு வரும். 1924-இல் அந்நகரை எட்டிய ரயில் பாதையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தெமோதரை நிலையத்தைத் தாண்டியதும் அது மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்தின் அடியில் உள்ள சுரங்கத்தில் வந்து நுழைகிறது. பெட்டியில் இருப்பவர் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பயணம் செய்திருப்பார். நேர்க்கோட்டில் அளந்தாலோ புறப்பட்ட இடத்திலேயேதான் இருக்கிறார்! இந்த வேடிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் இன்று யானை இல்லை. ஒரு காலத்தில் நிறைய இருந்தன. வெள்ளையர் காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள், பிறகு தேயிலை நட்டார்கள். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். அதற்கு விளக்கம் சொல்ல நான் துணியமாட்டேன். அல்லாஹ்வே அறிந்தவன்.

ஆனால் அதே காலத்தில் யானையிடம் பாடம் கேட்ட வெள்ளையரும் இருந்தார். இலங்கையின் பெருஞ்சாலைகளை அமைத்த தாமஸ் ஸ்கின்னர், மலைநாட்டுக் காடுகளை அளக்கச் சென்றபோது யானைத் தடங்களையே வழியாகக் கொண்டார். யானை வீணாக ஏறாது. அத்தனை பெரிய உடம்பைச் சுமந்துகொண்டு, மலையின் சரிவு எங்கே குறைவோ அங்கே பார்த்து நடக்கும். ஸுப்ஹானல்லாஹ்! எந்தக் கல்லூரியில் படித்தது அது?

கண்டி இராச்சிய காலத்தில் நம்மவர்கள் தவளம் என்னும் பொதிமாட்டு வணிகம் செய்தார்கள். கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மலைக்கு வருவார்கள். பாக்கை ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். பாரம் சுமக்கும் மாட்டுக்கும் ஏற்றம் குறைந்த வழிதானே வேண்டும்?

இனி மலையை விட்டு இறங்குவோம். பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்குப் போனால் குளிர் விலகி வெயில் வந்துவிடும். அதற்கப்பால் மொனராகலை, புத்தல. ஊவா மாகாணத்தின் இந்தத் தாழ்நிலத்தில் யானைகள் இன்றும் உள்ளன. 2011-இல் எடுத்த கணக்கின்படி இலங்கை முழுவதற்கும் 5,879 யானைகள். மனிதரும் யானையும் ஒரே நிலத்தில் வாழ்வதால் இரு பக்கமும் மரணம். 2019-இல் மட்டும் 350-க்கும் மேற்பட்ட யானைகளும் 100-க்கும் மேற்பட்ட மனிதர்களும் மாண்டனர். சேனைப் பயிரைக் காக்க இரவில் மரத்தின் மேல் குடிலில் காவல் இருக்கும் கணவன் சுபுஹுக்கு வீடு திரும்புவானா என்று விழித்திருக்கும் மனைவியின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

"அந்தப் பொல்லாத யானையைப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டுவிடுங்கள்" என்றுதான் யாரும் சொல்வோம். அப்படியே செய்தும் பார்த்தார்கள். அது பயன் தருகிறதா என்று கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். யானையின் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டுவார்கள். அது நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக அந்தப் பட்டை அறிவிக்கும். புள்ளிகளை வரிசையாக நூல் கோப்பதுபோல் இணைத்தால் யானை சென்ற பாதை கிடைக்கும்.

ஒரு பாதையை இன்னொன்றோடு ஒப்பிடுவது எப்படி? இங்கேதான் தெமோதரை ரயில் உதவுகிறது. நடந்த தூரம் எவ்வளவு, நேர்க்கோட்டுத் தூரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றென்றால் யானை ஓரிடத்தைக் குறிவைத்துப் போகிறது. நடை மிகுதி, விலகிய தூரம் குறைவு என்றால் தன் வட்டாரத்திற்குள்ளேயே மேய்ந்து திரிகிறது. யால பகுதியில் முன்பு செய்த ஆய்வில், ஒரு யானையின் வட்டாரம் சராசரி 115 சதுர கிலோமீட்டர் என்று கண்டார்கள். அதைவிட்டு அவை எளிதில் அகலுவதில்லை.

16 முறை இடம் மாற்றப்பட்ட ஆண் யானைகளின் பாதைகளையும் சொந்த இடத்திலேயே இருந்தவற்றின் பாதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் தேசியப் பூங்காக்களில்தான் விட்டிருந்தார்கள். இரண்டு அங்கேயே கொல்லப்பட்டன. மற்ற எல்லாமே பூங்காவை விட்டு வெளியேறிவிட்டன! சில, பிடிபட்ட இடத்திற்கே திரும்பி வந்தன. சில, ஊர் ஊராக நெடுந்தூரம் அலைந்தன. சில, புதிய இடம் ஒன்றில் தங்கிவிட்டன. தொல்லையோ குறையவில்லை, புதிய ஊர்களுக்கும் பரவியது. யானைகளின் சாவும் கூடியது.

இதைப் படித்தபோது 1964 ஒப்பந்தத்தின்படி இந்த மலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றப்பட்ட குடும்பங்களின் நினைவு எனக்கு வந்தது. மனிதரை விலங்கோடு ஒப்பிடுவதாக எண்ண வேண்டாம். ஆயினும் உம்மத் என்ற சொல்லைக் குர்ஆன் விலங்கினங்களுக்கும் வழங்கியிருக்கிறது. அல் அன்ஆம் சூராவின் 38-ஆம் ஆயத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் ஓதிக் காட்டுங்கள்.

அப்படியானால் வழி என்ன? யானையை அடைப்பதற்குப் பதில் வயலை அடைக்கிறார்கள். விதைத்ததும் ஊரார் சேர்ந்து வயலைச் சுற்றி மின்வேலி போடுகிறார்கள். அதிலுள்ள மின்சாரம் அதிர்ச்சி தருமே தவிர உயிரைப் பறிக்காது. அறுவடை முடிந்ததும் கம்பியைச் சுருட்டி எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதன்பின் யானைகள் வந்து, மிஞ்சிய தாளைத் தின்றுவிட்டுத் தம் வழியே போகின்றன.