பெட்ரோல்ல எழுப்பு, மண்ணெண்ணெய்ல ஓட்டு!

திண்டிவனத்துல மரக்காணம் பஸ் ஏறினா, வழியில பிரம்மதேசம். ஏரி, வயல், டீக்கடை... கடல் வாசனையே கிடையாது. இறங்கிடாதீங்க பாஸ்! மரக்காணம் உப்பளத்தையும் தாண்டினா மீனவக் குப்பங்கள். மெக்கானிக்கல் பசங்களுக்கு அங்கதான் நிஜ லேப்.

இடுப்பளவு தண்ணியில ஃபைபர் படகு. பின்னாடி பழைய அவுட்போர்டு மோட்டார். கயிறு இழுத்தே ஒரு அண்ணனுக்குத் தோள் கழண்டுடுச்சு. இன்னும் லேட்டானா அன்னிக்குப் பாடு போச்சு.

"இழுக்காதடா, மொதல்ல பாரு" என்றார் பெரியவர். சிவப்பு கிளிப் மாட்டியிருக்கு. டேங்க் மூடியில காத்துத் திருகு திறந்திருக்கு. ரப்பர் பல்பை அழுத்தினா கல்லு மாதிரி இறுகுது. பிளக்கைக் கழட்டினா... கருப்பா, நனைஞ்சு, மண்ணெண்ணெய் நாத்தம்!

"நேத்து அப்படியே ஆஃப் பண்ணிட்டியா?" அண்ணன் தலையைச் சொறிந்தார்.

மேட்டர் இதுதான். பெட்ரோல் குளிர்லயும் ஆவியாகும். மண்ணெண்ணெய் பத்திக்கிற அளவு ஆவியாகவே சுமார் 38 டிகிரி சூடு வேணும். அதனால இந்த மோட்டாரை பெட்ரோல்ல எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி மறுபடி பெட்ரோல். அதை விட்டா, கார்பரேட்டர்ல தங்கின மண்ணெண்ணெய் காலையில கழுத்தறுக்கும்.

கார்பரேட்டரை வடிச்சு, பிளக்கைத் துடைச்சு, பெட்ரோல் விட்டு இழுத்தாங்க. மூணாவது இழுப்புல டுர்ர்ர்!

நாங்க கைதட்ட, பெரியவர் மோட்டார் பக்கவாட்டையே குனிஞ்சு பார்த்தார். கூலிங் தண்ணி பீச்சுதான்னு.

"வருது. போ!"