கசிவைத் தேடுங்கள்

பங்குனி பாதி கடந்ததும் கார் ஏசி பட்டறைகளின் வாசலில் பழைய வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கும். இறங்கி வருகிறவர்களில் பெரும்பாலோர் நோயைச் சொல்வதில்லை, மருந்தைச் சொல்வார்கள். "கேஸ் மட்டும் ஏத்தி விடுங்க, போதும்." மதுரையில் இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். ஆசைப்பட்டு ஒரு பழைய காரை வாங்கி, அதைக் காப்பாற்றி ஓட்ட நினைக்கும் இளையவர்களுக்கும், கையில் ஸ்பேனரோடு இந்தத் தொழிலுக்குள் வந்திருப்பவர்களுக்கும், என் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னதையே சொல்கிறேன். கேஸ் செலவாகும் பொருள் அன்று. பெட்ரோல் எரிந்து தீரும், பிரேக் கட்டை தேய்ந்து தீரும். ஏசியின் கேஸ் மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ரப்பர் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு ஊடுருவிப் போவது இயல்புதான். ஒரே கோடைக்குள் குறைந்துபோனால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. கேஸ் ஏற்றுவது அந்த வேலையின் கடைசிப் பகுதி.

முதலில் அந்தச் சுற்றை மனத்தில் நிறுத்துங்கள். மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறதல்லவா, அதுதான் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலிலும் நடக்கிறது. இன்று பெரும்பாலான பழைய கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியான கேஸை கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர் அதன் சூட்டை வெளியே தள்ளித் திரவமாக்குகிறது. வழியில் டிரையர் ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு திரவத்தைச் சிறு துவாரத்தின் வழியே பீய்ச்ச, கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகிறது. இத்தனை பேர் கைமாற்றிக் கொடுக்கும் வேலையில் குளிர் வரவில்லை என்றால் பழி எப்போதும் கேஸின்மேல் விழுவது நியாயமில்லை.

ஆகவே பானெட்டைத் திறக்கும் முன்பு வாயைத் திறந்து கேட்கப் பழகுங்கள். எப்போது குளிர் நிற்கிறது? வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது அனலடித்தால், முதலில் கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். கண்டென்சரின் தகடுகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கேஸுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. தொடக்கத்தில் நன்றாகக் குளிர்ந்து, சற்று நேரத்தில் நின்று, அணைத்துப் போட்டால் மறுபடி குளிர்ந்தால், உள்ளே ஈரம் புகுந்து வால்வின் வாயில் பனியாக உறைகிறதோ என்று சந்தேகியுங்கள். காற்றே குறைவாக வந்தால் கூலிங் காயிலின்மேல் தூசி படிந்திருக்கலாம். பழைய கார்கள் பலவற்றில் அதைத் தடுக்க ஃபில்டர் கிடையாது.

வாடகைக்கு அம்பாசடர் ஓட்டிய ஒரு டிரைவர் சித்திரை வெயிலில் வந்து நின்றார். வேறொரு பட்டறையில் கம்ப்ரசர் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் வருமானத்துக்கு அது பெரிய தொகை. "எப்பண்ணே நிக்குது?" என்று கேட்டேன். காலையில் நன்றாகக் குளிர்கிறது, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டினால் நின்றுவிடுகிறது, நிழலில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி வருகிறது என்றார். பாதி விடை அந்தப் பதிலிலேயே இருந்தது. வண்டியைச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு, குளிர் நின்ற கணத்தில் பார்த்தோம். கம்ப்ரசரைப் புல்லியோடு இணைக்கும் காந்தக் கிளட்சின் காயிலுக்குக் கரண்ட் முழுதாக வந்துகொண்டிருந்தது, கிளட்ச் மட்டும் ஒட்டவில்லை. எஞ்சினை நிறுத்தி ஃபீலர் கேஜ் வைத்து அளந்தால், கிளட்ச் தகட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி தேய்மானத்தால் அதைத் தாண்டி விரிந்திருந்தது. சூடேறிய செம்புக் கம்பியில் மின்தடை கூடும், காந்தத்தின் இழுப்பு குறையும். விரிந்த இடைவெளியைத் தாண்டி இழுக்க அதற்கு வலு போதவில்லை. தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த மெல்லிய ஷிம்களில் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினோம். அந்தக் கம்ப்ரசர் அதன்பிறகும் பல கோடைகளுக்கு ஓடியது.

அந்த மனிதரின் பணம் மிச்சமானது திறமையால் என்று சொல்ல மாட்டேன். வண்டி சூடேறும்வரை காத்திருந்ததால் மிச்சமானது. நோய் தன்னைக் காட்டும் நேரத்தில் அருகில் இருப்பவனுக்கே அது பிடிபடும்.

அடுத்தது கேஜ். கம்ப்ரசர் ஓடாதபோது கேஜில் தெரியும் அழுத்தத்தைப் பார்த்து, கேஸ் போதுமான அளவு இருக்கிறது என்று முடிவு கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே திரவம் கொஞ்சம் இருந்தாலும், நிறைய இருந்தாலும், 30 டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ ஏறத்தாழ 100 பி.எஸ்.ஐ. காட்டும். அது வெப்பநிலையின் கணக்கு, எடையின் கணக்கு அன்று. ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நம் ஊர் வெயிலில் நல்ல ஏசி ஒன்று தாழ் அழுத்தப் பக்கத்தில் 30 முதல் 45 வரையும், உயர் அழுத்தப் பக்கத்தில் 200 முதல் 250 வரையும் காட்டுவது வழக்கம். இரண்டுமே தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டுமே ஏறியிருந்தால் கண்டென்சரில் காற்றோட்டம் இல்லை, அல்லது கேஸ் அதிகம். தாழ் பக்கம் ஏறியும் உயர் பக்கம் இறங்கியும் இருந்தால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. தாழ் பக்க முள் பூஜ்யத்துக்குக் கீழே போனால் நடுவே அடைப்பு.

கேஸ் குறைவு என்று தெரிந்தபிறகுதான் பொறுமைக்கு உண்மையான சோதனை. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தொண்ணூறுகளில் வாங்கிய மாருதி ஜென் காரை மிகுந்த பிரியத்தோடு வைத்திருந்தார். கணவர் வாங்கிக் கொடுத்த வண்டி. ஒவ்வொரு கத்திரிக்கும் எங்கேயோ ஒரு பட்டறையில் கேஸ் ஏற்றிக்கொள்வார். ஆடிக்குள் அது போய்விடும். என்னிடம் வந்தபோதும், "தம்பி, கேஸ் மட்டும் போடுங்கப்பா, டேஷ்போர்டையெல்லாம் பிரிக்க வேண்டாம்" என்றுதான் சொன்னார். கம்ப்ரசர் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் இருக்கும். அவர் வண்டியில் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பார்த்தோம். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். வெளியே எதுவும் இல்லை. ஒளிரும் சாயத்தைச் சிறிதளவு கேஸோடு ஏற்றி, "சில நாள் ஓட்டிட்டு வாங்க டீச்சர்" என்று அனுப்பினோம். திரும்பி வந்தபோது கூலிங் காயிலிலிருந்து தண்ணீர் வடியும் குழாயின் நுனியில் புற ஊதா விளக்கைக் காட்ட, அது பச்சையாக ஒளிர்ந்தது. கசிவு டேஷ்போர்டுக்குள்தான்.

டேஷ்போர்டை இறக்குவது ஒரு நாள் வேலை. பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டால் உடையும். ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். காயிலின் மூலையில் அழுகிய இலைச் சருகும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தை அரித்திருந்தன. புதுக் காயில் மாட்டினோம். அதுவரை அவர் கோடைதோறும் கேஸுக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால், அந்தக் காயிலின் விலையை அது எப்போதோ தாண்டியிருந்தது. சிறு செலவு என்று தள்ளிப்போட்டதுதான் பெருஞ்செலவாகச் சேர்ந்திருந்தது. பிள்ளைகளே, வலிக்கிற இடத்தைத் தொடாமல் ஆண்டுக்கு ஒருமுறை ஆறுதல் தேடிக்கொள்ளும் பழக்கம் காரோடு நிற்பதில்லை. குடும்பக் கடனிலும் உடல்நலத்திலும் உறவின் மனஸ்தாபத்திலும் அதை நான் கண்டிருக்கிறேன்.

கசிவை அடைத்த பிறகு வேக்கம் போட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சும் வேலை அது. அழுத்தம் மிகத் தாழ்ந்தால் அறை வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும். அப்போதுதான் ஈரம் வெளியேறும். இதற்கு அரை மணியாவது வேண்டும். நெடுநாள் திறந்து கிடந்த வண்டிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். எனக்குத் தொழில் கற்றுத்தந்த மேஸ்திரி, பம்பை நிறுத்திவிட்டு அதன்பிறகும் எங்களை கேஜின் முன்னால் உட்கார வைப்பார். முள் நகர்ந்தால் கசிவு இன்னும் இருக்கிறது, அல்லது ஈரம் இன்னும் இருக்கிறது. வெளியே வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார், மேஸ்திரி அசையமாட்டார். ஆக்கப் பொறுத்தவன் ஆறவும் பொறுக்க வேண்டும் என்பார். சின்ன வயதில் அந்தக் காத்திருப்பு எங்களுக்குத் தண்டனையாகத் தோன்றியது. அந்தப் பட்டறையிலிருந்து போன வண்டி அதே குறையோடு திரும்பி வராததன் காரணம் பின்னால்தான் விளங்கியது.

பழைய வண்டி என்றால் கேஸின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். எண்பதுகளின் கான்டெசா போன்ற கார்களில் இருந்தது ஆர்-12. நஞ்சும் இல்லை, தீப்பற்றவும் செய்யாது என்று உலகம் கொண்டாடிய பொருள். 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் அந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எச்சரித்தார்கள். 1987இல் மாண்ட்ரியல் உடன்பாடு வந்தது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. புது வண்டிகள் ஆர்-134ஏவுக்கு மாறின. அப்போது எங்களில் பலருக்கு நடுவயது. பழைய மினரல் எண்ணெய் புதுக் கேஸோடு கலக்காது, கம்ப்ரசருக்குத் திரும்பி வராமல் அதை வறளவிட்டுக் கொன்றுவிடும். எனவே பழைய வண்டியைப் புதுக் கேஸுக்கு மாற்றும்போது எண்ணெயை வடித்து மாற்றுவது, டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றுவது, பழைய அளவில் எண்பது, தொண்ணூறு சதவீதம் மட்டும் ஏற்றுவது என எல்லாவற்றையும் புதிதாகக் கற்றோம். கற்க மறுத்தவர்கள் பட்டறையை மூடினார்கள். கைப்பழக்கம் பெருமைக்குரியது, ஆனால் பொருள் மாறிய பிறகும் பழக்கத்தையே பிடித்துக்கொண்டிருப்பவனை அது காப்பாற்றாது.

கேஸ் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். 2011இல் போலிக் குளிர்பதன வாயு ஏற்றப்பட்ட கப்பல் கொள்கலன்கள் வெடித்து, வியட்நாமில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் வந்த அந்த வாயுவில் அலுமினியத்தோடு வினைபுரியும் மீதைல் குளோரைடு கலந்திருந்தது. நம் கார்களின் கம்ப்ரசரும் கண்டென்சரும் அலுமினியம்தான். எவ்வளவு கேஸ் என்பதையும் தராசில் நிறுத்தே ஏற்றச் சொல்லுங்கள். சிறிய கார்களுக்கு அரைக் கிலோ அளவிலேயே வேண்டியிருக்கும், சரியான கிராம் கணக்கு பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும். கூடுதலாக ஏற்றினால் குளிர் கூடாது, கம்ப்ரசருக்குப் பாரம்தான் கூடும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். குழாயைத் திறந்து பழைய கேஸைக் காற்றில் விடாதீர்கள், யாரையும் விட அனுமதிக்காதீர்கள். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் புவியைச் சூடேற்றுவதில் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரம் வைத்திருக்கும் பட்டறை சற்றுத் தூரமாக இருந்தாலும் அங்கே போங்கள். மார்கழிக் குளிரிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடமாவது ஏசியைப் போட்டு ஓட்டுங்கள். கம்ப்ரசர் சுழன்றால்தான் அதன் அச்சுச் சீலுக்கு எண்ணெய் போய்ச் சேரும். காய்ந்த சீல் அடுத்த கோடைக்குள் கசியத் தொடங்கிவிடும்.