பழைய ஸ்கேனரும் வெள்ளைப் பொடியும்

பழைய கையடக்க ரேடியோ ஸ்கேனர் ஒண்ணு கிடைச்சுது. ஆன் ஆகலை. பேட்டரி மூடியைத் திறந்தா ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி.

உங்க வீட்டு ரிமோட்லயும் பார்த்திருப்பீங்க. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசியறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். தயவுசெஞ்சு வாயால ஊதாதீங்க. அமிலம் கண்ணுல பட்டா அங்கிருக்கிற புரதம் உறைஞ்சு ஓரளவு தடுப்பு போட்டுடும். காரம் அப்படியில்லை, திசுவைக் கரைச்சுக்கிட்டே உள்ளே போகும். பட்டுட்டா உடனே குழாய்த் தண்ணி, அரை மணி நேரம் விடாம. அப்புறம் கண் மருத்துவர். கண்ணுக்கு வினிகர் வேண்டவே வேண்டாம்.

வினிகர் ஸ்பிரிங்குக்குத்தான். கண்ணாடி, கையுறை போட்டு, பட்ஸ்ல தொட்டுத் துடைச்சு, ஸ்பிரிட் வெச்சுக் காயவிட்டேன். உயிர் வந்துடுச்சு!

ஆனா வெறும் இரைச்சல். கூட வர்ற குட்டை ரப்பர் ஆன்டெனா சட்டைப்பைக்காகச் செஞ்சது, அலைக்காக இல்லை. 75-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா கால் அலைநீளம் மீட்டர்ல வரும். சர்வதேச விண்வெளி நிலையத்தோட 145.8-க்கு சுமார் 51 செ.மீ. அந்த நீளத்துக்கு ஒரு ஒயரை ஆன்டெனா மாட்டற இடத்து உலோக வளையத்துல கட்டித் தொங்கவிட்டேன்.

நிலையம் மொட்டைமாடிக்கு மேல போனப்ப, பள்ளிப் பிள்ளைங்களோட பேசற விண்வெளி வீரர் குரல். கேள்விகள் நமக்குக் கேட்காது, பதில் மட்டும்தான்.