மலையைச் சுத்தினேன்... அம்பு இறங்குச்சு!

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ் ஏறி, எட்டு கிலோமீட்டர் நசுங்கினா திருப்பரங்குன்றம். முருகனோட ஆறுபடை வீட்டுல முதல் வீடு. நான் இன்ஜினீயரிங் படிக்கிற ஊரும் இதுதான். எந்தத் தெருவுல நின்னாலும் மலை தெரியும். அரியர் விழுந்த அன்னிக்கும் தெரியும், விழாத அன்னிக்கும் தெரியும்!

போன மாசம் பௌர்ணமிக்கு ரூம்மேட்ஸ் மூணு பேரோட கிரிவலம் கிளம்பினேன். நீங்களும் வாங்க, அப்படியே பேசிக்கிட்டே சுத்திடலாம்.

முதல்ல கோயில். கருவறை மலையைக் குடைஞ்சு செஞ்சது. கி.பி. 773-ம் வருஷத்துக் கல்வெட்டு இருக்குன்னா வயசைக் கணக்குப் போட்டுக்கங்க. மலையோட சேர்ந்த மூர்த்திங்கிறதால மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, வேலுக்குத்தான். வெளியில பூ வாங்கும்போது பூக்கார அக்கா என் கையை உத்துப் பார்த்தாங்க. “என்னத்தா அது, பட்டன் மாதிரி?” டக்குனு துப்பட்டாவை இழுத்து மூடிட்டேன். “ஒண்ணுமில்லக்கா.”

ஒண்ணுமில்லாம என்ன? உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன! இடது கை மேல்புறம், பழைய அஞ்சு ரூபா நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வில்லை. குளுக்கோஸ் சென்சார். ஒம்பதாவது படிக்கும்போது எனக்கு டைப் 1 சர்க்கரைன்னு தெரிஞ்சுது. லட்டு தின்னதால வந்தது இல்லை பாஸ். உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லை அழிச்சிடும். அப்புறம் ஆயுசுக்கும் இன்சுலின் ஊசிதான். 1922 ஜனவரியில டொரன்டோவுல உலகத்துலயே முதல்முதலா இன்சுலின் ஊசி போட்டுக்கிட்ட பையன் லெனார்ட் தாம்ப்சனுக்கு வயசு 14. எனக்கும் முதல் ஊசி 14 வயசுலதான்! அதுக்கு முன்னாடி பிறந்திருந்தா இந்தக் கட்டுரையை வேற யாராவதுதான் எழுதியிருக்கணும்.

வில்லைக்கு அடியில முடி மாதிரி ஒரு இழை, அரை சென்டிமீட்டர், தோலுக்குள்ள இருக்கும். இழை மேல ஒரு நொதி. அது குளுக்கோஸோட வினை புரிஞ்சா துளியூண்டு கரன்ட் உண்டாகும். கரன்ட்டை எண்ணா மாத்தி செல்போனுக்கு அனுப்பிடும். இந்த ஐடியாவை 1962-லயே லேலண்ட் கிளார்க்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி சொல்லிட்டார். எண்ணுக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி வரும். சர்க்கரை ஏறுதா, இறங்குதா, சும்மா நிக்குதான்னு அது சொல்லும்.

சரி, நடப்போம். கிளம்பும்போது 156, அம்பு நேரா. சுத்தி வர மூணு கிலோமீட்டருக்கு மேல. எல்லாரும் வெறுங்காலோட நடக்க, நான் மட்டும் தடியா சாக்ஸ். சர்க்கரைக்காரங்க கால்ல புண்ணு வாங்கக் கூடாதுன்னு டாக்டர் ஆர்டர். முருகன் கோச்சுக்க மாட்டார். கிழக்கே சரவணப் பொய்கை. நிலா தண்ணிக்குள்ள ஆடுது, சின்னப் பசங்க பொரி அள்ளி வீசுறாங்க. போனைப் பார்த்தா 131, அம்பு சாய்வா கீழே. 131 சூப்பர் நம்பராச்சேன்னு விட்டுட்டேன். அங்கதான் நான் கோட்டை விட்டேன். கிளம்புறதுக்கு முன்னாடி மெஸ்ல இட்லியும் பொங்கலும் கட்டு கட்டிட்டு, அதுக்கு முழு டோஸ் இன்சுலின் போட்டிருந்தேன். நடக்கப் போறோம்னா குறைச்சிருக்கணும். நடக்கிற காலும் சர்க்கரையை உறிஞ்சும்ல!

தெற்குப் பக்கம் தென்பரங்குன்றம். இங்கே உமையாண்டார் குடைவரைக் கோயில் இருக்கு. சமணக் குகையா இருந்து, பாண்டியர் காலத்துல சிவன் கோயிலா மாறினது. பகல்ல வந்து நிதானமா பாருங்க. அன்னிக்கு எனக்குப் பார்க்க முடியலை. பின்கழுத்துல ஜில்லுனு வேர்வை, விரல் நடுக்கம், ரூம்மேட் பேசுறது கிணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி. போன் சொல்லுது 79, அம்பு செங்குத்தா கீழே. எழுபதுக்குக் கீழே போனாத்தான் அலாரம். அதனால அது கம்முனு இருக்கு. பையில இருந்த குளுக்கோமீட்டரை எடுத்து விரலைக் குத்தினேன். 58!

எது பொய்? ரெண்டுமே இல்லை. சென்சார் ரத்தத்தை அளக்குறது இல்லை. செல்களுக்கு நடுவுல இருக்கிற நீரைத்தான் அளக்குது. ரத்தத்துல சர்க்கரை இறங்கிக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அங்கே இறங்கும். மெதுவா மாறும்போது வித்தியாசம் தெரியாது, வேகமா சரியும்போது இடிக்கும். இன்ஸ்ட்ருமென்டேஷன் பேப்பர்ல ‘டைம் லேக்’னு எழுதி முழு மார்க் வாங்கினவ நான்!

டீக்கடை அண்ணன்கிட்ட அரை கிளாஸ் தண்ணியில மூணு ஸ்பூன் சர்க்கரை கேட்டேன். அதுதான் கணக்கு. பதினஞ்சு கிராம் சர்க்கரை, பதினஞ்சு நிமிஷம் காத்திருப்பு. குடிச்சு முடிக்கும்போதுதான் அலாரம் அலறுச்சு. அடுத்த நொடி அம்மா போன். என் எண் சாத்தூர்ல அவங்க போன்லயும் தெரியும். ஹாஸ்டல்ல ராத்திரி ஒரு ஜிலேபி பிச்சா, விடிஞ்சதும் விசாரணை கமிஷன்தான். “எங்கடி இருக்க? சீனி குடிச்சியா?” ஸ்பீக்கர்ல அலறினாங்க.

மூணு பேரும் என்னையே பார்த்தாங்க. ரெண்டு மாசமா ஒரே ரூம். பாத்ரூமுக்குள்ள போய்த்தான் ஊசி போட்டுக்குவேன். ‘கல்யாணம் ஆகுற வரைக்கும் வெளியில மூச்சு விடாத’ன்னு சொன்னதும் இதே அம்மாதான். நடுரோட்டுல ஊருக்கே சொன்னதும் அவங்கதான். ஆண்கள்ல வாசிம் அக்ரம் 1997-ல டைப் 1-னு தெரிஞ்ச பிறகும் வருஷக்கணக்கா பந்து வீசினார், கைதட்டினோம். பொண்ணுங்கன்னா மட்டும் முழுக்கைச் சட்டையா?

பதினஞ்சு நிமிஷம் ஆச்சு. சென்சார்ல 61, அம்பு இன்னும் கீழே. பயந்து இன்னொரு கிளாஸுக்குக் கை நீட்டினேன். ஒரு ரூம்மேட்தான், “இரு, விரல்ல பாரு”ன்னா. குத்தினா 83. ஏறும்போதும் சென்சார் பின்னாடியேதான் வருது. முன்ன ஒருதடவை இப்படிப் பயந்து ஒரு பாக்கெட் பிஸ்கட் தின்னு, ராத்திரி 290-க்குப் போனவ நான்.

பதினாலு நாள்ல வில்லையைக் கழட்டி வீசிடணும். நாங்க வாங்கினது ஒண்ணு நாலாயிரத்துச் சொச்சம். அதனால பரீட்சை மாசங்கள்ல மட்டும் சென்சார், மத்தபடி விரல்குத்துதான். இப்ப என் எண் மூணாவது போன்லயும் தெரியுது. ரூம்மேட் நடுராத்திரி, “அம்பு சாயுதுடி”ன்னு எழுப்புறா. எரிச்சலாத்தான் வருது, ஆனா எழுந்துக்கிறேன்.

மிச்ச மலையை மெதுவா சுத்தி வந்தோம். பூக்கார அக்கா கடையைக் கட்டிட்டு இருந்தாங்க. இந்த முறை துப்பட்டாவை விலக்கிக் காட்டி, எல்லாத்தையும் சொன்னேன். விலையைக் கேட்டு வாயில கை வெச்சாங்க. “எங்க வீட்டுக்காரருக்கும் சுகர்தான். மாத்திரை வீட்டுக்கே வந்து குடுத்திட்டுப் போறாங்க” (மக்களைத் தேடி மருத்துவம், 2021-ல ஆரம்பிச்சது). கூடையைத் தலையில தூக்கினவங்க திரும்பி நின்னு கேட்டாங்க:

“இறங்குனா அதுவே சத்தம் போட்டு எழுப்புமாத்தா? தூங்குறப்பகூடவா?”