லேனியர் ஏரிக்கரையில் வீடு தேடிய நாட்கள்

பிப்ரவரி 16

ஜார்ஜியாவில், கமிங் ஊரில் இருக்கும் இந்த வாடகை வீட்டின் ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. இனி வாடகை வேண்டாம், சொந்தமாக வாங்கிவிடலாம் என்று இவரும் நானும் பேசி முடித்தோம். எந்தப் பக்கம் என்று கேட்டபோது மகள் யோசிக்கவே இல்லை. "ஏரிப் பக்கம்மா" என்றாள்.

அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. துடுப்புப் படகு ஓட்டத் தொடங்கியதிலிருந்து விடிகாலையில் எழுந்து கெய்ன்ஸ்வில் வரை போகிறாள். அவள் பயிற்சி செய்யும் கிளார்க்ஸ் பிரிட்ஜ் பக்கத்து நீர்ப்பரப்பில்தான் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் துடுப்புப் படகு, கயாக் போட்டிகள் நடந்தன. அந்தப் போட்டிக்காகக் கட்டிய கோபுரத்தையும் படிக்கட்டு மேடையையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கே உடம்பு சிலிர்க்கும். இவருக்கோ வேறு ஆசை. சின்னதாக ஒரு மோட்டார் படகு, வீட்டுக்குப் பின்னால் படகு கட்ட ஒரு டாக், சாயங்காலம் வேலை முடிந்ததும் பிள்ளைகளை வேக்போர்டில் ஏற்றி இழுத்துப் போவது. அக்கா பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வந்தால் ஏரியை விட்டு ஏறவே மாட்டார்கள் என்று இப்போதே கணக்குப் போடுகிறார்.

சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே பியூஃபர்ட் அணையைக் கட்டி 1950களில் உண்டாக்கிய ஏரி இது. பரப்பு சுமார் 38,000 ஏக்கர். வளைந்து நெளியும் கரையின் நீளம் 692 மைல். ஜார்ஜியாவின் கவிஞர் சிட்னி லேனியரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு நீர்த்தேக்கத்துக்குக் கவிஞர் பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

மார்ச் 1

முதல் வீடு. விளம்பரத்தில் 'லேக் ஃப்ரண்ட்' என்று இருந்தது. பின்கதவைத் திறந்தால் புல்வெளி. அதைத் தாண்டிப் பைன் மரங்களும் ஓக் மரங்களுமாகச் சரிவு. கிளைகளுக்கு இடையே தண்ணீர் தெரிகிறது. இவர் விறுவிறுவென்று கரை வரை இறங்கிப்போய் நின்றுவிட்டார்.

எங்கள் ஏஜென்ட் அம்மாள் நேர்மையானவர். விற்பவர் தரப்பு வாயே திறக்காத விஷயத்தை அவரே சொன்னார். புல்வெளி முடிகிற இடத்தோடு நாம் வாங்கும் நிலமும் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள மரங்கள், மண், கரை, தண்ணீர் எல்லாம் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் இருக்கும் அரசு நிலம். அந்தப் படையை இங்கே எல்லோரும் சுருக்கமாக 'கோர்' என்கிறார்கள். ஏரியின் கோடைக்கால முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,071 அடி. வெள்ளக் காலத்தில் 1,085 அடி வரை தேக்கலாம் என்று அணையைத் திட்டமிட்டதால், அதற்கு வேண்டிய கரை நிலத்தையும் அரசு அப்போதே கையகப்படுத்திவிட்டது.

ஆக, இந்த ஏரியைச் சுற்றி எவ்வளவு பணம் கொடுத்தாலும் தண்ணீரைத் தொடும் நிலம் பொதுவாக யாருக்கும் கிடைக்காது. பார்வையை மறைக்கிறதென்று ஒரு மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும். புதர் களைவதற்கும் வேண்டும். இவர் முகம் வாடிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை வீடுகளுக்கு நடுவிலும் கரை காடாகவே நிற்பதற்குக் காரணம் இந்தச் சட்டம்தானே!

மார்ச் 2

இரவு உட்கார்ந்து கோரின் கரை மேலாண்மைத் திட்டத்தைப் படித்தேன். வீடு வாங்கும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். பளபளப்பான புகைப்படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கரை முழுவதையும் வகை பிரித்து வரைபடத்தில் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பச்சை என்றால் தனியார் டாக் போட விண்ணப்பிக்கலாம். சிவப்பு என்றால் கூடாது. பச்சையிலும் பக்கத்து டாக்கிலிருந்து போதிய இடைவெளி வேண்டும், ஆழம் வேண்டும். ஏரி முழுவதுக்கும் சேர்த்து 10,615 டாக்குகள்தான் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒரு விதி இருக்கிறது. டாக்கின் அனுமதி வீட்டோடு கைமாறாது. வீடு விற்றவுடன் பழைய பர்மிட் செல்லாமல் போய்விடும். வாங்கியவர் தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் ஐந்து வருஷத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். முன்னவர் அனுமதியில்லாமல் கட்டிய மேடையோ படிக்கட்டோ இருந்தால் அதைச் சரிசெய்யும் பாரமும் புதியவர் தலையில் விழலாம்.

டாக் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசம் முழுவதும் ஐந்து வருஷ அனுமதி ஒன்றின் மேல் நிற்கிறது என்பதை வாங்குகிறவர் தெரிந்தே வாங்க வேண்டும். நேற்றுப் பார்த்த வீட்டின் கரை வரைபடத்தில் சிவப்பு. "டாக் போட்டுக்கலாம்" என்று விற்பவர் தரப்பில் ஒருவர் சாதாரணமாகச் சொன்னதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மார்ச் 15

இன்று பார்த்தது ஃபோர்சித் கவுண்டியில், ஒரு குடாவின் கடைசி முனையில். கரை பச்சை. டாக் இருக்கிறது, பர்மிட்டும் சரியாக இருக்கிறது. காற்றில்லை, அலையில்லை, கயாக்குக்கு அருமையான இடம். இவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

துணைக்கு வந்த அண்ணா ஒருவர் இந்தப் பக்கம் 2005-லிருந்து இருக்கிறார். பேச்சை விட்டுவிட்டு ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி டாக்கின் ஓரத்தில் இறக்கினார். எட்டடி. "2007-ல இந்த இடத்துல செடி முளைச்சிருக்கும்" என்றார்.

அந்த வருஷத்து வறட்சியை அவர் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தோம். 2007 டிசம்பர் கடைசியில் நீர்மட்டம் 1,051 அடிக்கும் கீழே போனது. முழு மட்டத்தைவிட இருபதடி குறைவு. குடாக்களின் முனைகளில் மிதவை டாக்குகள் செம்மண்ணில் சாய்ந்து கிடந்தன. பல இடங்களில் படகு இறக்கும் சரிவுகள் தண்ணீரை எட்டவில்லை. அந்த நவம்பரில் மாநில ஆளுநர் சன்னி பெர்டியூ சட்டமன்றக் கட்டடத்தின் படிகளில் நின்று மழைக்காகப் பிரார்த்தனைக் கூட்டமே நடத்தினார். ஏரி மறுபடி நிரம்ப 2009 அக்டோபர் ஆகிவிட்டது.

இவ்வளவு பெரிய ஏரி ஏன் இப்படி இறங்குகிறது என்று மகள் கேட்டாள். அணைக்கு மேலே இருக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 1,040 சதுர மைல்தான். ஏரியின் கொள்ளளவுக்கு அது சிறியது. அதனால் இறங்கினால் ஏறுவதற்கு நாளாகும். தேவையோ பெரியது. மின்சாரம் எடுக்க வேண்டும். வெள்ளம் தடுக்க வேண்டும். சுற்றியுள்ள ஊர்களுக்கும், ஆற்றின் கீழே அட்லாண்டாவுக்கும் குடிநீர் இதிலிருந்துதான். அதற்கும் தெற்கே அலபாமா, ஃபுளோரிடா வரை தண்ணீர் போயாக வேண்டும். 1990-ல் அலபாமா தொடுத்த வழக்கில் ஆரம்பித்த மூன்று மாநிலச் சண்டை பல வடிவம் எடுத்தது; ஃபுளோரிடா தொடுத்த வழக்கை 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. இந்த வரிசையில் வேக்போர்டு எங்கே வரும்? எல்லோருக்கும் பின்னால்தான். 2019 கோடையில் சென்னையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு அம்மா லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை நினைத்துக்கொண்டேன். குடிநீர் முதலில் என்ற ஒழுங்கில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு குடாவின் வாயருகே, ஆழமுள்ள இடமாகப் பார்க்க வேண்டும். அமைதி வேண்டுமா ஆழம் வேண்டுமா என்று கேட்டால், டாக்குக்காகக் காசு கொடுக்கிறவர் ஆழத்தைத்தான் எடுக்க வேண்டும்.

ஏப்ரல் 12

ஆழமான இடத்து வீடு ஒன்று. டாக்கின் அடியில் முப்பதடிக்கு மேல் தண்ணீர். ஆனால் படகுகள் ஓடும் பெரிய நீர்வழி கண்ணெதிரே. சனிக்கிழமை மதியம் அரைமணி நேரம் டாக்கில் நின்றோம். அலை வந்து வந்து மோத, மேடை ஆடிக்கொண்டே இருந்தது. மகளின் ஒல்லிப் படகை இங்கே இறக்கினால் கவிழ்ந்துவிடும். துடுப்புக்குக் கண்ணாடித் தண்ணீர் வேண்டும், விடிகாலை வேண்டும். வேக்போர்டுக்கு அகலமும் ஆழமும் வேண்டும். நீர் விளையாட்டு என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஒன்றுக்கு உகந்த கரை இன்னொன்றுக்கு ஆகாது.

ஜார்ஜியா சட்டப்படி டாக், கரையோர வீடு, நிற்கும் படகு, நீந்துகிறவர் இவற்றுக்கு 100 அடிக்குள் படகு ஊர்ந்துதான் போக வேண்டும். ஓடும் படகில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். ஜெட் ஸ்கீ என்றால் வயது வித்தியாசமின்றி எல்லோரும். 1998 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் படகுப் பயிற்சி முடிக்காமல் மோட்டார் படகு ஓட்டக்கூடாது. இவர் அதற்கு முன் பிறந்தவர், சட்டம் கேட்காது. "நானும் படிச்சிடறேன்" என்று தானாகவே சொன்னார். சந்தோஷமாக இருந்தது.

வீட்டு ஆய்வாளர் டாக்கின் மின் இணைப்பை வெகுநேரம் பார்த்தார். 2023 ஜூலையில் இதே ஏரியில் டாக்கிலிருந்து குதித்த ஓர் இளைஞர் தண்ணீரில் மின்சாரம் தாக்கி இறந்தார். ஏரித் தண்ணீரில் உப்பு குறைவு. மனித உடம்பு அதைவிட எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். அதனால் கசியும் மின்சாரம் உடம்பு வழியாகப் பாய்ந்து தசைகளை இறுக்கிவிடுகிறது. பார்த்தால் நீச்சல் தெரிந்தவர் ஏன் மூழ்கினார் என்றே புரியாது. டாக்கில் மின்சாரம் இருந்தால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் சான்று இல்லாமல் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. காப்பாற்றப் பின்னாலேயே குதிப்பதும் கூடாது. முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

மே 25

மெமோரியல் டே வார இறுதி விடுமுறை. வீடு பார்ப்பதை விட்டுவிட்டு அணைக்குப் பக்கத்திலுள்ள வெஸ்ட் பேங்க் பூங்காவுக்குப் போனோம். கார் நிறுத்த இடமில்லாத கூட்டம். ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தன; கொரியப் பாட்டி ஒருவர் பேரனைத் தண்ணீரில் நிறுத்தி மெல்ல நடத்திக்கொண்டிருந்தார்; நாங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். சில மைல் தள்ளி கோடி கோடியாக விலை போகும் வீடுகளின் முன்னால் இருக்கும் அதே தண்ணீர்தான் இது.

அணை கட்டும்போது சுமார் 700 குடும்பங்கள் தங்கள் நிலத்தை விட்டுப் போயின. பொதுக் காரியத்துக்காக என்று சொல்லித்தான் அதை வாங்கினார்கள். அப்படி வாங்கிய கரையில் 'தனியார் இடம், வராதீர்கள்' என்று சில வீட்டுக்காரர்கள் பலகை மாட்டியிருப்பதை இந்தச் சில மாதங்களில் பார்த்தேன். டாக் அவர்களுடையது, அதன் மேல் ஏறக்கூடாது. ஆனால் அந்தக் கரையில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. நாம் கரைக்கு மேலே வீடு வாங்கினாலும் அந்த மாதிரிப் பலகை மாட்டுவதில்லை என்று இவரிடம் சொன்னேன். "அதுல என்ன சந்தேகம்?" என்றார்.

ஜூன் 21

முடித்துவிட்டோம். கெய்ன்ஸ்வில் பக்கம், ஏரியிலிருந்து பத்து நிமிஷம் தள்ளி ஒரு வீடு. ஜன்னலில் தண்ணீர் தெரியாது. படகு இறக்கும் பொதுச் சரிவு பக்கத்தில் இருக்கிறது. மகளின் பயிற்சி இடமும் பக்கம். கரையோரப் பல வீடுகளைப் போல இதற்கும் செப்டிக் டேங்க்தான். அதைத் திறந்து காலி செய்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். டேங்க் கசிந்தால் போவது இதே ஏரிக்குத்தான். டாக்குக்கென்று ஒதுக்கிய பணத்தில் இரண்டு கயாக்குகள் வாங்கினோம். மோட்டார் படகு வேண்டும் என்கிற வாரத்தில் மரீனாவில் வாடகைக்கு எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் எவ்வளவு இறங்கினாலும் கயாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் இறக்கிவிடலாம்.

கரையிலேயே வாங்குவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வருஷம் முழுதும் தண்ணீரில் இறங்குகிற குடும்பம், வசதியும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் பியூஃபர்டில் இருக்கும் கோர் அலுவலகத்துக்குப் போய் அந்த வீட்டின் கரை என்ன நிறம், பர்மிட் யார் பெயரில் இருக்கிறது, உங்கள் பெயருக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். டாக்கின் ஓரத்தில் நீங்களே ஆழம் பாருங்கள். இருபதடி குறைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தப் பதில்கள் கையில் வரும்வரை விலை பேச உட்காராதீர்கள்.